ஒரே எண், இரண்டு லேப்டாப்

மேசையில் இரண்டு லேப்டாப்களை அருகருகே வைத்துக்கொள்வோம். ஒன்று, 2003இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் டி40. கறுப்பு நிறம், விசைப்பலகையின் நடுவில் சிவப்புக் குமிழ், தூக்கினால் கை உணரும் கனம். மற்றது 2008இல் கடைகளுக்கு வந்த நெட்புக். பள்ளிக்கூட நோட்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கையால் தூக்கி மறு கையில் காபி டம்ளரோடு நடந்துவிடலாம். திங்க்பேடுக்குள் இருப்பது இன்டெல்லின் பென்டியம் எம் செயலி. நெட்புக்குக்குள் இருப்பது அதே இன்டெல்லின் ஆட்டம் என்270. இரண்டின் விவரச் சீட்டிலும் ஒரே எண்: 1.6 கிகாஹெர்ட்ஸ்.

கம்ப்யூட்டர் உலகில் ஐந்து ஆண்டு என்பது ஒரு தலைமுறை. எண் ஒன்றாக இருந்தாலும் பின்னால் பிறந்ததுதான் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கும் என்று நாம் நினைப்போம். ஒரு பாட்டை இரண்டிலும் எம்பி3 ஆக மாற்றிப் பார்த்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். பழைய திங்க்பேட் முடித்துவிட்டு நிற்கும். நெட்புக் இன்னும் பாட்டின் நடுவிலேயே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், பழைய லேப்டாப்களை ஒப்பிடும் கலையில் பாதி கைக்கு வந்துவிடும். மீதிப் பாதி இதைவிடச் சுவையானது. இந்த இரண்டு லேப்டாப்களும் இந்த அத்தியாயம் முழுக்க நம்மோடு வரப்போகின்றன.

கிகாஹெர்ட்ஸ் என்பது துடிப்பின் எண்ணிக்கை. 1.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் செயலிக்குள் ஒரு விநாடிக்கு 160 கோடி துடிப்பு. துடிப்பு ஒன்றுக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை. ஆனாலும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேப்டாப் விளம்பரம் எதை எடுத்தாலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் நின்றது. வாங்குகிறவர்களும் அதையே கேட்டார்கள். கேட்டதை இன்டெல் கொடுத்தது. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 செயலி, துடிப்பைக் கூட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டது போலிருந்தது.

அதன் உத்தியைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் பார்க்கலாம். கீழே மணல் குவியல், மேலே மாடி. நடுவில் ஆட்கள் வரிசையாக நின்று மணல் சட்டியைக் கைமாற்றுகிறார்கள். பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் இரண்டடி எட்டிக் கொடுக்க வேண்டும். இருபது பேர் நின்றால் ஓரடி நகர்த்தினால் போதும். கை சீக்கிரம் அசையும், தாளம் வேகமாகும். பென்டியம் 3 செயலியில் இந்த வரிசை 10 கட்டம். பென்டியம் 4இல் 20 கட்டம். 2004இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில் 31 கட்டம்.

தாளம் வேகமானதுதான். ஆனால் கட்டடக்காரர் மேலிருந்து திடீரென்று, "மணல் வேண்டாம், ஜல்லி கொடு" என்று கத்தினால் என்ன ஆகும்? வரிசையில் வந்துகொண்டிருக்கும் மணல் சட்டி அத்தனையும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினி நிரலில் இப்படிப்பட்ட திருப்பம் சில கட்டளைகளுக்கு ஒரு முறை வரும். "இந்த எண் பூஜ்யமா? ஆமென்றால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம் போ." செயலி விடை தெரியும் வரை நிற்காமல், எந்தப் பக்கம் என்று ஊகித்து வேலையைத் தொடர்கிறது. ஊகம் தவறினால் வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். வரிசை நீளமானால் ஒவ்வொரு தவறுக்கும் இழப்பு பெரிது.

மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த விரயத்தைப் பெரிய விசிறி வைத்துச் சமாளிக்கலாம். மடிமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் முடியாது. வீணாகும் ஒவ்வொரு துடிப்பும் சூடாக மாறித் தொடையைச் சுடும், பேட்டரியை உறிஞ்சும். லேப்டாப்புக்கென வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-எம் செயலியின் வெப்ப வரம்பு 35 வாட்.

இன்டெல்லின் ஹைஃபா கிளை, இஸ்ரேலில் கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்த பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். பென்டியம் 3இன் அடிப்படையை மீண்டும் எடுத்துக்கொண்டு, ஊகிக்கும் திறனைக் கூர்மையாக்கினார்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தை 1 எம்பியாகப் பெருக்கினார்கள். அந்த நேரத்துக்குத் தேவைப்படாத பகுதிகளை உறங்கவிட்டார்கள். கோலான் குன்றுப் பகுதியில் உள்ள ஓர் ஊற்றுத்தலத்தின் பெயரான 'பானியாஸ்' என்பதை அதற்குச் சங்கேதப் பெயராக வைத்தார்கள். 2003 மார்ச் 12 அன்று பென்டியம் எம் என்ற பெயரில் அது வெளிவந்தது. 7.7 கோடி டிரான்சிஸ்டர். வெப்ப வரம்பு 24.5 வாட். நம் டி40க்குள் இருப்பது இதுதான். 1.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம், 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-எம் செய்யும் வேலைக்கு ஈடு கொடுத்தது. பல வேலைகளில் முந்தியது.

இதை எப்படி விற்பது? எண்தான் வேகம் என்று பல ஆண்டுகளாக மக்களை நம்பவைத்த நிறுவனம், இப்போது சிறிய எண் கொண்ட சரக்கை அதிக விலைக்கு விற்க வேண்டும். அதற்காகச் செயலி, அதை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட், வைஃபை மூன்றையும் சேர்த்து 'சென்ட்ரினோ' என்ற ஒரே பெயரில் விளம்பரம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, 2004 மே மாதம், துடிப்பு எண்ணைப் பின்னுக்குத் தள்ளி 735, 755 என்று மாடல் எண்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டம் கைவிடப்பட்டது. 2006இல் வந்த கோர் 2 டுயோவும் ஹைஃபாவில் வடிவமைக்கப்பட்டதுதான். லேப்டாப்புக்காகச் சிக்கனமாகச் சிந்தித்தவர்களின் வழி, கடைசியில் மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் வழியானது. கணினி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பங்களில் இது ஒன்று.

அப்படியானால் 2008இல் வந்த ஆட்டம் ஏன் பின்னோக்கிப் போனது? பின்னோக்கிப் போகவில்லை. அது வேறு ஊருக்குப் புறப்பட்ட வண்டி. அதன் வெப்ப வரம்பு 2.5 வாட், பென்டியம் எம்முடையதில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தது, வரிசையை மாற்றிக்கொள்ளும் திறமையை.

ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் கைரேகை இயந்திரத்தில் பதியவில்லை. கடைக்காரர், "நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அடுத்தவங்க வாங்க" என்று சொன்னால் வரிசை நகரும். பென்டியம் எம் அப்படிப்பட்ட கடைக்காரர். ஒரு கட்டளைக்குத் தேவையான தகவல் இன்னும் வரவில்லை என்றால் அதை ஓரமாக நிறுத்திவிட்டு, பின்னால் தயாராக இருக்கும் கட்டளைகளை முடித்துவிடும். ஆட்டம் அப்படி இல்லை. முன்னால் நிற்பவர் வேலை முடியும் வரை பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ஒரே கவுன்டருக்கு இரண்டு வரிசை வைத்து, ஒன்று நின்றால் மற்றதை அழைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் பாட்டை மாற்றுவது போன்ற ஒற்றை வரிசை வேலைக்கு அது உதவாது. தயாராக இருப்பதைக் கண்டுபிடித்து முன்னால் அழைக்கும் அந்தச் சுற்றமைப்புக்கு ஏராளமான டிரான்சிஸ்டர் வேண்டும். ஆட்டத்தில் மொத்தமே 4.7 கோடிதான்.

இந்தச் சிக்கனத்தின் பலன் நெட்புக் வாங்கியவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். செயலியோடு இணைத்து விற்ற சிப்செட், செயலியைவிட அதிக மின்சாரத்தை எடுத்துக்கொண்டது.

*

துடிப்பு எண்ணை நம்ப முடியாது என்றால் சோதனை எண்ணை நம்பலாமா? செயலியை உண்மையான வேலையில் ஓடவிட்டு, எத்தனை விநாடி ஆனது என்று அளப்பது நேர்மையான வழிதானே. நேர்மையான வழிதான். ஆனால் எந்த வேலை என்பதிலேயே கதை இருக்கிறது.

2006 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ப்ரோவை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன் ஆப்பிளின் பெரிய லேப்டாப் பவர்புக் ஜி4, 1.67 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், அதாவது கட்டளைகளை ஓட்டும் ஒரே அலகு. புதியதில் இன்டெல் கோர் டுயோ, இரண்டு கோர். பழையதைவிட நான்கு மடங்கு வரை வேகம் என்று ஆப்பிள் அறிவித்தது. அந்த எண் கற்பனை அல்ல. 1988இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் என்ற அமைப்பின் சோதனையில் அளந்தது. ஆனால் அது ஒரே வேலையின் பல படிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எல்லாக் கோர்களையும் நிரப்பி அளக்கும் வகை. இரண்டு கோர் இருந்தால் அதிலேயே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்கிறவருக்கு அந்த இரண்டு மடங்கு கிடைக்காது.

அதோடு, அன்று மேக் வாங்கியவர்களில் பலர் ஃபோட்டோஷாப்புக்காக வாங்கியவர்கள். அப்போதிருந்த ஃபோட்டோஷாப், பவர்புக்கில் இருந்த பழைய பவர்பிசி செயலிக்காக எழுதப்பட்டது. இன்டெல் செயலியில் அது ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் வழியாகவே ஓடியது. நான்கு மடங்கு வேகமான அந்த லேப்டாப்பில் ஃபோட்டோஷாப் பழைய பவர்புக்கைத் தாண்டவில்லை. இன்டெல்லுக்கென எழுதிய ஃபோட்டோஷாப் சிஎஸ்3 2007 ஏப்ரலில் வந்த பிறகுதான், வாங்கியவர்களுக்குத் தாங்கள் கொடுத்த பணத்தின் வேகம் கைக்கு வந்தது. லேப்டாப்பில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

பல சோதனைகளை வைத்துச் சராசரி எடுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சராசரிக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. கணக்குப் பிடிக்காதவர்களும் இந்த ஒரு பத்தியைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். முதல் லேப்டாப் ஒரு வீடியோவை 2 நிமிடத்தில் மாற்றுகிறது. ஒரு கட்டு புகைப்படத்தை 8 நிமிடத்தில் திருத்துகிறது. இரண்டாவது லேப்டாப் இரண்டையும் 4 நிமிடத்தில் முடிக்கிறது. முதல் லேப்டாப்பை அளவுகோலாக வைத்தால், இரண்டாவது எடுக்கும் நேரம் வீடியோவில் 2 மடங்கு, புகைப்படத்தில் அரை மடங்கு. சராசரி 1.25. ஆகவே இரண்டாவது 25 சதவீதம் மெதுவானது. இப்போது இரண்டாவதை அளவுகோலாக வையுங்கள். முதலாவது எடுக்கும் நேரம் அரை மடங்கு, 2 மடங்கு. சராசரி மறுபடியும் 1.25. ஆகவே முதலாவது 25 சதவீதம் மெதுவானது! ஒன்றைவிட ஒன்று மெதுவான இரண்டு லேப்டாப். இப்படி உலகத்தில் எதுவும் இருக்க முடியாது.

1986இல் பிலிப் ஃபிளெமிங், ஜான் வாலஸ் என்ற இருவர் இந்தக் கோளாறைத் தெளிவாக எடுத்து எழுதினார்கள். விகிதங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. பெருக்கி, வந்த விடையின் மூலத்தை எடுக்க வேண்டும். 2ஐயும் அரையையும் பெருக்கினால் 1. அதன் வர்க்கமூலமும் 1. எதை அளவுகோலாக வைத்தாலும் இரண்டும் சமம். ஸ்பெக் சோதனைகள் இந்தப் பெருக்கல் சராசரியைத்தான் பயன்படுத்துகின்றன.

முரண்பாடு தீர்ந்தது. ஆனால் கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு இரண்டும் சமம் என்ற விடையால் என்ன பயன்? அவருக்கு முதல் லேப்டாப்தான் வேண்டும். புகைப்படக்காரருக்கு இரண்டாவதுதான் வேண்டும். சராசரி சரியாக இருக்கும்போதும் அது யாருடைய வேலையும் அல்லாத ஒரு வேலையைப் பற்றியது.

*

இதுவரை செயலியைப் பற்றியே பேசிவிட்டேன். விவரச் சீட்டில் முதல் வரியாக அது இருப்பதால் நம் கண்ணும் அங்கேயே நிற்கிறது. ஆனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர் யாரிடமாவது குறை கேட்டுப் பாருங்கள். "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு" என்பார்கள். "பிரவுசரைத் திறந்தா ஹேங் ஆகுது" என்பார்கள். அந்த நேரத்தில் செயலி பெரும்பாலும் சும்மா இருக்கிறது.

அது எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று உணர, ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று நீட்டிக்கொள்வோம். நம் 1.6 கிகாஹெர்ட்ஸ் செயலியை ஒரு மளிகைக்கடைக்காரராக எண்ணுங்கள். கைக்கெட்டும் டப்பாவில் இருக்கும் கடுகை எடுக்க 3 விநாடி. இது செயலியை ஒட்டியிருக்கும் முதல் சிறு நினைவகம். முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருப்பதை எடுக்கப் பத்து விநாடி. இது இரண்டாம் சிறு நினைவகம். பின்கட்டுக் கிடங்குக்குப் போய் மூட்டையைப் பிரித்து அள்ளிவர இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல், இது ராம். சரி, கடையிலேயே இல்லாத சரக்கை ஹார்ட் டிஸ்கிலிருந்து வரவழைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். தகவல் இருக்கும் வளையத்துக்குத் தலை நகர ஏறக்குறைய 12 மில்லி விநாடி. வளையம் சுழன்று சரியான இடம் தலைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அது 5.6 மில்லி விநாடி. மொத்தம் பதினேழரை மில்லி விநாடி என்று வையுங்கள். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. 160 கோடி துடிப்புக் கணக்கில் பார்த்தால் அது 2.8 கோடி துடிப்பு. கடைக்காரர் கணக்கில் 2.8 கோடி விநாடி, அதாவது பத்தரை மாதம்.

ஒரு பொட்டலம் பருப்புக்குப் பத்தரை மாதம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்கிறது. விநாடிக்கு ஐம்பத்தேழு பொட்டலம்தான் வந்துசேரும். ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் விநாடிக்குக் கால் எம்பிகூடத் தேறாது. பெரிய சினிமாக் கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்குப் பல பத்து எம்பி கொடுக்கும் அதே டிஸ்க், சிதறிய கோப்புகளில் இப்படித் திணறுகிறது. அதனால்தான் டிஸ்க் பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வேக எண்ணும் நம்மைக் காப்பாற்றுவதில்லை.

ராம் போதவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். கிடங்கு நிறைந்துவிட்டதால், சற்று முன் எடுத்துவைத்த மூட்டையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு வேறொன்றை வரவழைக்கிறார் கடைக்காரர். அடுத்த வாடிக்கையாளர் வந்து அனுப்பிய அதே மூட்டையைக் கேட்கிறார். 2 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் இன்றைய பிரவுசரில் நான்கைந்து பக்கத்தைத் திறந்துவைத்தால் நடப்பது இதுதான். மவுஸ் அம்புக்குறி நகரக்கூட மறுக்கும்.

ஐபிஎம் பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த ஒரு வாதம் இங்கே கணக்காக உதவுகிறது. ஒரு வேலைக்கு 100 விநாடி ஆகிறது. அதில் 80 விநாடி டிஸ்குக்காகக் காத்திருப்பு, 20 விநாடி செயலியின் உழைப்பு என்று கொள்வோம். செயலியை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 20 என்பது 10 ஆகும், மொத்தம் 90. அதற்குப் பதில் டிஸ்கின் காத்திருப்பைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தால் மொத்தம் 20 விநாடிதான். ஐந்து மடங்கு வேகம்!

எஸ்எஸ்டி செய்வது அதைத்தான். அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஒரு சிறு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி அளவே ஆகும். கடைக்காரர் கணக்கில் பத்தரை மாதம் இரண்டு நாளாகச் சுருங்கிவிடுகிறது. எஸ்எஸ்டி போட்ட 2008ஆம் ஆண்டு கோர் 2 டுயோ லேப்டாப், அதைவிட நான்கைந்து ஆண்டு இளையதும் ஹார்ட் டிஸ்கோடு இருப்பதுமான ஐ5 லேப்டாப்பைவிடச் சீக்கிரம் தொடங்கும், சீக்கிரம் கோப்பைத் திறக்கும். வீடியோ மாற்றும் வேலையைக் கொடுத்தால் ஐ5 தன் பலத்தைக் காட்டிவிடும். அன்றாடம் கடிதம் தட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர் கையில் முதலாவதுதான் புதிய லேப்டாப் போலத் தோன்றும்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டுகளில் கொடுத்தவை சுழலும் ஹார்ட் டிஸ்க் கொண்டவை. வேலை செய்யவில்லை என்று மூலையில் போடப்பட்டவற்றில் எத்தனையோ, உண்மையில் வேலை செய்யத் தயாராக இருந்தும் தட்டு சுழல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தவை. பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய உதவிகளில் முதன்மையானது இந்த மாற்றம்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

*

துடிப்பு எண் போன பிறகு அதன் இடத்தை ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர்கள் பிடித்துக்கொண்டன. சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இன்றும் "ஐ5 இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். 2011இன் திங்க்பேட் டி420இல் வந்த ஐ5-2520எம், 2013இன் டி440இல் வந்த ஐ5-4300யு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இரண்டு கோர். இரண்டு தலைமுறை தாண்டியிருந்தும் நீண்ட நேர வேலையில் இரண்டும் அருகருகே நிற்கும். பின்னதில் மேம்பாடே இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. முன்னதன் வெப்ப வரம்பு 35 வாட், பின்னது 15 வாட். அதே வேலையைப் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் செய்வதுதான் அந்த இரண்டு ஆண்டுகளின் சாதனை. அது விநாடிக் கணக்கில் தெரியாது, பேட்டரியில் தெரியும். 2017இல் வந்த ஐ5-8250யுவில் அதே 15 வாட்டுக்குள் நான்கு கோர் வந்துவிட்டது. பெயர் மட்டும் ஐ5தான்.

இந்த வாட் கணக்கு பழைய லேப்டாப்பில் வேறொரு விதத்தில் விளையாடும். செயலியின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். பத்தாண்டு தூசு விசிறியின் வாயை அடைத்திருக்கும். செயலிக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். ஆகவே ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே செயலி கொண்ட இரண்டு லேப்டாப்களில் ஒன்று ஓட, மற்றது தள்ளாடலாம். சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடச் சோதனையில் இந்தக் குறைகள் வெளிப்படாது. இருபது நிமிடம் விடாமல் ஓடவிட்டு, முதல் நிமிடத்தின் வேகத்தையும் கடைசி நிமிடத்தின் வேகத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

தூசு மட்டும்தான் வயதின் அடையாளம் என்றில்லை. 2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்புக் குறைகள் வெளியாயின. செயலி விடை தெரியும் முன்பே ஊகித்து வேலையைத் தொடர்கிறது என்று மேலே பார்த்தோமே, அந்த ஊகத்தின் தடயங்களை வைத்தே ரகசியங்களைத் திருட முடியும் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது. மென்பொருள் நிறுவனங்கள் ஊகத்துக்குக் கடிவாளம் போட்டன. அதன் விலையை 2013ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் வந்த செயலிகள் அதிகம் கொடுத்தன. 2012இல் ஒரு பத்திரிகை அளந்து அச்சிட்ட வேக எண், 2018க்குப் பிறகு அதே லேப்டாப்புக்குப் பொருந்தாமல் போயிற்று. நம் நெட்புக் இதில் தப்பித்தது. அதன் ஆட்டம் வரிசையை மாற்றுவதும் இல்லை, முந்திக்கொண்டு ஓடுவதும் இல்லை. ரேஷன் கடையில் பொறுமையாக நின்ற பழக்கம் அதைக் காப்பாற்றியது.

வீடியோவிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. டி420 வந்த காலத்தில் இணைய வீடியோ பெரும்பாலும் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருந்தது. அதை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று அதில் இருந்தது, செயலி அலட்டிக்கொள்ளாது. பின்னால் யூடியூப் விபி9 முறைக்கு மாறியது. அதற்கான முழுமையான சுற்று இன்டெல்லின் ஏழாம் தலைமுறையில்தான், 2016இல் வந்தது. அதே டி420 இப்போது அதே பாட்டை அதே திரையில் காட்டுவதற்கு மூச்சிரைக்கிறது, விசிறி கத்துகிறது. லேப்டாப் தளர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அதற்குக் கொடுத்த வேலைதான் கூடிவிட்டது.

மேசையில் வைத்த நம் இரண்டு லேப்டாப்களுக்கும் 2021 மார்ச்சில் ஒரு திருப்பம் வந்தது. கூகுள் குரோம் தன் 89ஆம் பதிப்பிலிருந்து, எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுதி செயலியில் இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது. டி40இன் பென்டியம் எம், எஸ்எஸ்இ2 வரை மட்டுமே அறிந்தது. நெட்புக்கின் ஆட்டத்துக்கு எஸ்எஸ்இ3 தெரியும். பாட்டை மாற்றும் பந்தயத்தில் முந்திய திங்க்பேடில் அந்தக் குரோம் திறக்கவே மறுத்தது. பின்தங்கிய நெட்புக் அந்த நிபந்தனையை நிறைவு செய்தது. இரண்டில் எது மேல் என்று 2008இல் கேட்டவருக்கும் 2021இல் கேட்டவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது.

அந்த முன்னிலையும் நீடிக்கவில்லை. இரண்டுமே 32 பிட் செயலிகள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸ், 32 பிட் இன்டெல் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. இரண்டு லேப்டாப்களுக்கும் முன்னால் இருக்கும் பாதை மிகவும் குறுகிவிட்டது.

ஆனால் 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுயோவும் அதற்குப் பின் வந்த ஐ3, ஐ5, ஐ7 எல்லாமும் 64 பிட். இவற்றில் எண்ணற்றவை இப்போது குப்பைக்குப் போகும் ஆபத்தில் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் செயலிகளின் பட்டியல், மிகச் சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது. பட்டியலுக்கு வெளியே நிற்பதாலேயே ஒரு லேப்டாப் வேலைக்கு ஆகாதது என்று ஆகிவிடாது.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். தூசு தட்டி, விசிறியைத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ராம் 2 ஜிபி என்றால் 4 ஆக்குங்கள், இடமிருந்தால் 8 ஆக்குங்கள். 64 பிட் லினக்ஸ் ஒன்றை நிறுவுங்கள். பிறகு நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையையே அதில் இருபது நிமிடம் செய்து பாருங்கள். அது போதுமானதாக இருந்தால், பக்கத்துத் தெருவில் லேப்டாப் இல்லாமல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.